நாடு விழுந்தது, பரீட்சை நடந்தது

என் மகனுக்கு,

நேற்றுப் பின்னேரம் நீ டுசல்டோர்ஃபிலிருந்து தொலைபேசி எடுத்து, "அம்மா, நான் வியாழக்கிழமையே வீட்ட வரட்டே?" என்று கேட்டாய். நாற்பது தாண்டிய ஆண்பிள்ளை பதினைந்து வயதுப் பெண்பிள்ளையிடம் இப்படி அனுமதி கேட்பதை என் ஜெர்மன் சிநேகிதிகளுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை. எங்கள் ஆட்களில் தகப்பன்மார் மகளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்தே நீயும் அப்படித்தான் கூப்பிட்டு வருகிறாய். இத்தனை வருடமாகச் சம்பளம் இல்லாமல் பெயரளவில் வைத்திருந்த அந்தப் பதவியை இன்றைக்கு நான் முறைப்படி பொறுப்பெடுக்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் முடியும்வரை நான் தாய், நீ மகன். நீங்கள், வாங்கோ, போங்கோ எதுவும் கிடையாது. உன் மனைவி, அதாவது என்னைப் பெற்றவள், கணக்குப்படி எனக்கு மருமகள் ஆகிறாள். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. கையில் அகப்பை இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில் வேண்டாம் என்பதுதான். அதை நேற்றே ஒரு சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு சொல்லுக்கு அடங்குகிற பிள்ளையா நீ? அதனால்தான் எழுதுகிறேன். ஹனோவரில் இன்று பின்னேரம் தபால் நிலையத்தில் கொடுத்தால் நாளைக்கு உன் கைக்கு வந்துவிடும்.

நீ வேலை செய்த தளபாடக் களஞ்சியத்தை இழுத்துப் பூட்டி உன்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, வேலை அலுவலகத்துப் பெண் உன்னை இருத்திவைத்துக் கதைத்து இந்த ஊம்ஷூலுங்குக்கு அனுப்பினாள். இரண்டு வருட மறுபயிற்சி. முடித்தால் நீ குளிரூட்டி இயந்திரங்கள் பூட்டித் திருத்துகிற தொழில்நுட்பவியலாளன். விடுதியில் அறை, கிழமை நாட்களில் படிப்பு, சனி ஞாயிறில் வீடு. போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை முதலாவது பரீட்சை. நீ வருகிறேன் என்று சொல்வது அதற்கு முதல் நாள். அதுவும் உடுப்புப் பெட்டியோடு, ஒரேயடியாக. ஏன் என்று கேட்டேன். நீ குரலைத் தாழ்த்தினாய். "கன்டீன்ல சீனிப் போத்தல் மூடியெல்லாம் காணேல்லை அம்மா. இந்த இடம் நிலைக்காது. எனக்கு இந்த மணம் தெரியும்." வரவேற்பு மேசையில் இருக்கிற பெண்ணும், அடுத்த வருடம் இந்தப் பயிற்சி நிலையத்தை வேறு ஒன்றோடு சேர்க்கப் போகிறார்களாம் என்று யாருக்கோ சொன்னது உன் காதில் விழுந்திருக்கிறது. அது போதும் உனக்கு. நீ மனதுக்குள் கொடியை இறக்கி மடித்தும் வைத்துவிட்டாய்.

சீனி மூடி விஷயம் எனக்குப் புதிதில்லை. எனக்குப் பதின்மூன்று வயதில், நீ எதைக் கண்டால் பயப்படுவாய் என்று அறிகிற ஆசையில், வீட்டுச் சீனிப் போத்தலின் மூடியை எடுத்து ஒளித்தேன். நீ போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாய். பிறகு தேக்கரண்டிகளை ஒவ்வொன்றாகப் பள்ளிக்கூடப் பைக்குள் குடியேற்றினேன். அந்தக் கிழமை முடியுமுன் நீ உன் மனைவியைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போய், "உண்மையைச் சொல்லு, உனக்கு வேலை போயிட்டுதோ?" என்று கேட்டாய். முதியோர் இல்லத்தில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்த மாதம் அது. "என்ன விசர்க் கதை இது" என்றாள் அவள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்று சிரித்தேன். கண்டுபிடித்துவிட்டாய். ஏசுவாய் என்று பார்த்தால், என்னைக் குசினி மேசையில் இருத்தி, நீ முன்னம் படித்த கார்கோவ் நகரத்துக் கதையை முதல் முறையாக முழுதாகச் சொன்னாய். முதலில் மூடி போகும், பிறகு கரண்டி போகும், பிறகு சீனி போகும், கடைசியாக நாடு போகும் என்றாய். சோவியத் ஒன்றியம் ஒன்றுமில்லாமல் போன வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. சரித்திர வகுப்பில் ஆசிரியை காரணம் கேட்டபோது மற்றப் பிள்ளைகள் எண்ணெய் விலை, ஆயுதப் போட்டி, தேசிய இனங்கள் என்று சொன்னார்கள். நான் சீனிப் போத்தல் மூடி என்று சொன்னேன். அவ அதையும் கரும்பலகையில் எழுதினா.

நீ சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், எங்கே பிழை என்று நீயே பார். யாழ்ப்பாணத்தில் கட்சி வாசிகசாலையில் மாமாங்கமாக இருந்து வாசித்த பெடியனுக்குப் புலமைப்பரிசில் கிடைத்தது. நீ கார்கோவுக்கு வெப்ப இயந்திரவியல் படிக்கப் போனாய். போய்ச் சேர்ந்த வருடம் சாப்பாட்டுச்சாலையில் மேசைகளுக்கு விரிப்பு இருந்தது. போகப்போக அது கழன்றது. கடைத் தட்டுகளில் கடற்பாசித் தகரமும், பேர்ச் மரத்துச் சாறு நிரப்பிய பெரிய போத்தல்களும் மட்டும் வரிசையாக நின்றன. வீதியில் வரிசை கண்டால் என்ன விற்கிறார்கள் என்று கேட்காமலே போய் நிற்கப் பழகினாய். அதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் ஒரு நூல் பை. (அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பல் வைத்தியரிடம் போனாலும் பையோடுதான் போகிறாய்.) மாத உதவிப்பணம் முதலில் சப்பாத்து வாங்கப் போதாமல் போனது, பிறகு சப்பாத்துக் கயிறு வாங்கவும் போதாமல் போனது. விடுதியில் இருந்தவர்கள் வெளிநாட்டுக்குப் போய்க் காற்சட்டையும் கடிகாரமும் வாங்கி வந்து விற்கத் தொடங்கினார்கள். பொதுவுடைமை முடிந்து பொதி உடைமை தொடங்கிய காலம். உன் அறைத் தோழன், தென்னமெரிக்காவின் பெரு நாட்டுப் பெடியன் ராவுல், கட்டிலுக்குக் கீழே கடிகாரக் கடையே வைத்திருந்தான். நீ மட்டும் கொள்கைக்காக ஒரு கடிகாரமும் விற்கவில்லை.

கொள்கைக்காக இன்னொன்றும் செய்தாய். விஞ்ஞானக் கம்யூனிசம் என்று ஒரு பாடம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அது கட்டாயம் இல்லை. நீ விரும்பி எடுத்தாய். வகுப்பில் முதலாவதாக வந்தாய். அந்தப் பாடத்தைக் கண்டால் நித்திரை கொள்கிற உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நீ, யாழ்ப்பாணத்திலிருந்து போனவன், மாலையில் சொல்லிக் கொடுத்தாய். கொதிகலன் பாடத்தில் மயிரிழையில் தப்பினாய். பிறகு ஒரு நாள் அறிவித்தல் பலகையில் அந்தப் பாடமே இல்லை. அதைப் படிப்பித்தவர் ஒரு கிழமை லீவில் போய் அரசியல் விஞ்ஞான ஆசிரியராகத் திரும்பி வந்தார். அதே கோட்டு, அதே குறிப்புக் கட்டு, முதல் பக்கம் மட்டும் புதிது. ஒரு வல்லரசு விழப்போவது நான்கு வருடம் முன்கூட்டியே தெரிந்திருந்தும், அதில் விழப்போகிற பாடத்தை மட்டும் தேடி எடுத்து அதில் முதலாவதாக வந்த ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. கொஞ்சம் கேலியாகவும் சொல்கிறேன்.

சோவியத் கொடி இறங்கிய இரவு விடுதியின் பொது அறைத் தொலைக்காட்சியில் அதைப் பார்த்தீர்கள். ராவுல் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டு நின்றான். ஒருவரும் எழும்பி நிற்கவில்லை, ஒருவரும் அழவில்லை, கிழங்கு அவிந்ததும் எல்லாரும் சாப்பிட்டார்கள். நீ சாப்பிடவில்லை. "அத்தோட முடிஞ்சுது அம்மா. நாடும் போச்சு, படிப்பும் போச்சு. பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறினனான்." அன்றைக்குக் குசினி மேசையில் கதையை நீ இந்த இடத்தில் முடித்தாய். நான் கரண்டிகளைத் திருப்பி வைத்தேன்.

அதன்பிறகு உன் மூக்கை நான் மதிக்கத் தொடங்கினேன். களஞ்சியத்தில் கோப்பி இயந்திரம் பழுதாகி ஒரு மாதம் திருத்தாமல் கிடந்தபோதே, அது பூட்டப்படும் என்று சொன்னாய். சரியும் என்றாய், சரியாகத்தான் சரிந்தது. நீ டுசல்டோர்ஃபுக்கு வெளிக்கிடுவதற்கு முந்தின கிழமை அமெரிக்க வங்கிகள் விழுகிற செய்தி வந்தபோது, தொலைக்காட்சிக்கு முன்னால் எழும்பி நின்று, "இனி மற்றப் பக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். ஆனால் இந்தக் கோடையில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு இந்த முறை சனம் வராது என்றும் சொன்னாய். வந்த சனத்தில் நாங்கள் வாகனம் நிறுத்த இடமில்லாமல் கால்வாய்க் கரையோரமாக அரை ஊர் நடந்தோம். ஆக, உன் சாத்திரம் சில இடத்தில் பலிக்கும், சில இடத்தில் கால் வலிக்கும்.

இனி, நீ எனக்குச் சொல்லாமல் விட்ட பகுதிக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் மொழியாக ரஷ்ய மொழி எடுத்தது உனக்குப் பெருமை. தண்ணீர்க் குழாய் திருத்தும்போது நீ திட்டுவது என்னவென்று அறியத்தான் எடுத்தேன். முதல் மாதமே வகுப்பில் ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். இதை எங்கே படித்தாய் என்று ஆசிரியை கேட்டா. வீட்டுப்பாடம் என்றேன். இரண்டு வருடத்தில் திட்டுத் தவிர மற்றதும் கொஞ்சம் விளங்கத் தொடங்கிவிட்டது. அதை நீ மறந்துபோன ஒரு நாள்தான் ராவுல் எங்கள் வீட்டுக்கு வந்தது.

இந்த வசந்தத்தில் கண்காட்சிக்கு ஹனோவர் வந்த அந்த மனிதன், லீமாவில் ஒரு மின் நிலையத்துக்குப் பொறியியலாளன், உன்னைத் தேடிப் பிடித்து இரவுச் சாப்பாட்டுக்கு வந்தான். இடியப்பத்தைக் கண்டு, இதை யார் இருந்து பின்னியது என்று கேட்டான். சொதியைக் குடிக்கிற கிண்ணத்தில் கேட்டு வாங்கிக் குடித்தான். இரண்டு பேரும் ரஷ்ய மொழியில் பழங்கதை பேசிச் சிரித்தீர்கள். நடுவில் அவன் சிரிப்பை விட்டுவிட்டு உன்னைக் கேட்டான், கொடி இறங்கிய பிறகு நடந்த பரீட்சைக்கு நீ ஏன் வரவில்லை என்று. பரீட்சை மண்டபத்தில் சூடாக்கி வேலை செய்யவில்லையாம், கையுறை போட்டுக்கொண்டு எழுதினார்களாம். கொதிகலன் பாட ஆசிரியை, உன்னோடு எப்போதும் சண்டை பிடிக்கிற அந்த மனுசி, உன் கதிரையைக் காட்டி அவன் எங்கே என்று கேட்டாளாம். இளவேனிலில் வந்தாலும் அவனுக்குத் தனியாகப் பரீட்சை வைப்பேன் என்று சொல்லியும் அனுப்பினாளாம். "நான் அறைக்கு வந்து உன்னை உலுக்கினேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாய்." இதைச் சொல்லும்போது அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இத்தனை வருடமாக விளங்காத ஒன்றைக் கேட்டான், அவ்வளவுதான். நீ என்னைப் பார்த்தாய். நான் சொதிச் சட்டியைப் பார்த்தேன். உன் மனைவி, என்ன சொல்லுறார் என்று கேட்டாள். "அங்க சரியான குளிராம்" என்றாய். அவள் பாவப்பட்டு அவனுக்கு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தாள்.

ஆக, நாடு விழுந்தது, பரீட்சை நடந்தது. விஞ்ஞானக் கம்யூனிசத்தில் நித்திரை கொண்டவன் கையுறையோடு போய் எழுதினான். முதலாவதாக வந்தவன் படுத்துக் கிடந்தான். நான் உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காதல் முறிந்து படுத்துக் கிடப்பவர்களைப் பற்றி எல்லாரும் பாட்டுப் பாடுகிறார்கள். நீ ஒரு நாட்டுக்காகப் படுத்தாய். இருபத்து நாலு வயதில், நம்பினது எல்லாம் ஒரு இரவில் உருளைக்கிழங்கு வாசத்தோடு முடிந்துபோனால், சுவரைத் தவிரப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அது எனக்கு விளங்குகிறது. ஆனால் அன்றைக்குச் சுவர்ப் பக்கம் திரும்பியது போலவே நேற்றும் தொலைபேசியில் திரும்பினாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் மூக்கு சரியாகத்தான் மணக்கிறது. மணத்தவுடன் உன் கால் ஏன் வாசலுக்குப் போகிறது என்பதுதான் என் கேள்வி.

நேற்று நீ தொலைபேசியை வைத்த பிறகு, இந்த இரகசியத்தை இனியும் வயிற்றுக்குள் வைத்திருக்க ஏலாது என்று உன் மனைவியிடம் போனேன். வேலைச் சீருடைக்கு அயர்ன் பண்ணிக்கொண்டு நின்றாள். ராவுல் சொன்னதை எல்லாம் முகபாவத்தோடு, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். அவள் அயர்ன் பெட்டியை நிறுத்தவே இல்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்பிடி? நீங்கள் ரஷ்யன் படிக்கேல்லையே."

"இதுக்கு ரஷ்யன் என்னத்துக்கு? கலியாணம் பேசேக்க உன்ர கொப்பர் சொன்னவர், நாடு விழுந்தபடியால் சோதினை நடக்கேல்லை எண்டு. நான் ஏ.எல். சோதினை எழுதேக்க எங்கட பள்ளிக்கூட மதிலில செல் விழுந்து வெடிச்சது. மேற்பார்வைக்கு வந்த சேர் மேசைக்குக் கீழயிருந்து எழும்பி, தூசியைத் தட்டிப்போட்டு, எல்லாரும் பத்து நிமிசம் கூட எழுதுங்கோ எண்டவர். எனக்கு வந்து சோதினை நடக்கேல்லை எண்டால் நான் நம்புவனே?"

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

சீருடையின் கையை மறுபக்கம் புரட்டினாள். "படிச்ச மாப்பிள்ளை வேணும் எண்டு கேட்டது என்ர அண்ணை. நான் பார்த்தது, ஒழுங்கா ஒரு பொய் சொல்லத் தெரியாத ஆள் எண்டு. அதுக்குத்தான் ஓம் எண்டனான். இப்பவும் கேக்க மாட்டன். ஆனால் இந்தச் சோதினையை அவர் எழுதோணும். எனக்காண்டி இல்லை. வீட்டில இருக்கேக்க அந்தத் தண்ணிப் பீலியைத் திறந்துவிட்டிட்டு நிண்டு யோசிக்கிறாரே, அந்த யோசனை முடியோணும்."

என் மருமகளை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று அப்போது விளங்கியது. இத்தனை வருடம் நீ மறைத்ததாக நினைத்தது, அவள் உனக்காக ஒரு ஓரமாக நகர்த்தி வைத்த சாமான். இனி நீ அவளுக்கு ஒன்றும் ஒப்புவிக்கத் தேவையில்லை. அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுப் படிக்கிற வேலையைப் பார்.

எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். அந்தப் பயிற்சி நிலையம் விழலாம். அடுத்த வருடம் அதை வேறொன்றோடு சேர்க்கலாம், பெயர்ப்பலகையை மாற்றலாம், நீ சொன்னது போலவே மூடிக்குப் பின்னால் கரண்டியும் போகலாம். விழுகிறது விழட்டும், அதற்கு உன் உதவி தேவையில்லை. குளிர்பெட்டிக்குள் வாயு எப்படிச் சுற்றுகிறது என்பது யார் ஆட்சியிலும் மாறப் போவதில்லை. கார்கோவில் கொதிகலனைப் படிக்காமல் விட்டாய், இங்கே குளிர்பெட்டியைப் படி. சூட்டில் தவறினது குளிரிலாவது சேரட்டும். வகுப்பில் உன்னைவிட வயது குறைந்தவர்கள்தான் எல்லாரும் என்று முறைப்பட்டாய். அவர்களிடம் குறிப்புக் கேட்டு வாங்கு, வெட்கப்படாதே. மாலையில் அவர்களுக்கு அரசியல் படிப்பிக்காதே. சாப்பாட்டுச்சாலையில் சீனி இல்லாவிட்டால் தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடி, உன் வைத்தியரும் அதைத்தான் சொல்கிறார்.

இன்னுமொன்று. போன சனி நீ வீட்டுக்கு வந்தபோது மூன்று சேட்டு கொண்டு வந்தாய், ஞாயிறு திரும்பிப் போகும்போது ஒன்றுதான் கொண்டு போனாய். குளிர்க் கோட்டை அலுமாரியில் தொங்கவிட்டாய். தடித்த பாடப்புத்தகத்தை என் புத்தகத் தட்டில் சொருகிவிட்டு, என்னிடம் பத்திரமாக இருக்கட்டும் என்றாய். சரிவின் குறிகளைப் படிக்க எனக்குச் சொல்லித் தந்தவன் நீ. உன்னைப் படிக்க எனக்கு அரை நிமிடம் கூடத் தேவைப்படவில்லை. அந்தப் புத்தகம் இந்தக் கடிதத்தோடு வருகிறது. பக்கங்களுக்குள் என்ன ஒட்டி வைத்திருக்கிறேன் என்று படித்துப் போகப்போகத் தெரியும்.

ஞாயிறு ரயில் நிலையத்தில் நீ பயணச்சீட்டு எடுக்கப் போனபோது உன் மேற்சட்டையும் பையும் என் கையில்தான் இருந்தன. திறப்பு வளையத்தை எடுத்துப் பார். வீட்டுத் திறப்பு இருந்த இடத்தில் என் பழைய சைக்கிள் பூட்டுத் திறப்பு தொங்குகிறது. அந்தச் சைக்கிள் களவு போய் ஒரு வருடம் ஆகிறது, ஆகையால் அதனால் உனக்கு ஒரு கதவும் திறக்காது. உன் மனைவியிடம் உதவி கேட்டுப் பயனில்லை, இந்த விஷயத்தில் மாமியும் மருமகளும் ஒரு கட்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம் எந்த ரயிலில் வந்தாலும் நான் கதவைத் திறப்பேன். நல்லாய்ச் செய்துவிட்டு வந்தாலும் திறப்பேன், ஒன்றும் விளங்காமல் வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாலும் திறப்பேன். எழுதாமல் வியாழக்கிழமை வந்தால் மணியை அடித்துப் பார். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருப்போம்.

சொல்ல வேண்டியது முடிந்தது. போய்ப் படி.

அம்மா